பண்ணை விலங்கு நலனும் ரெம்பிள் கிராண்டினும்: ஒரு வரலாற்று நோக்கு

சீர்திருத்தமொன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் இரு வினாக்களை எழுப்புவர். அச்சீர்திருத்தத்தை வேண்டிநின்ற சமூகச் சூழல் யாது என்பது ஒன்று. அதனைச் செயற்படுத்தியோர் யாவர் என்பது மற்றொன்று. இவ்விரண்டினோடு மூன்றாவது வினாவொன்றும் உண்டு. பலருடைய கண்ணெதிரே நாள்தோறும் நிகழ்ந்த ஒன்றனை அவர்கள் காணாதிருந்தமைக்கும், ஒருவர் மாத்திரம் கண்டமைக்கும் காரணம் யாது என்பதே அது. இருபதாம் நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவின் இறைச்சித் தொழிலில் ஏற்பட்ட மாற்றங்களை ஆராயுமிடத்து, இம்மூன்றாவது வினாவே முதன்மை பெறுகின்றது.

அம்மாற்றங்களிலிருந்து பிரித்தெடுக்க முடியாத பெயர் ரெம்பிள் கிராண்டின் என்பதாகும். 1947இற் பிறந்த இப்பெண்மணி விலங்கியல் நடத்தை ஆய்வாளர், கால்நடைக் கையாளுகைக்குரிய சாதனங்களை வடிவமைப்பவர், ஓட்டிசம் உடையவர். ஓட்டிசம் உடையோர் பிறருடைய உணர்ச்சியை உணரமாட்டாதவர் என்னும் கருத்து மருத்துவ உலகில் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. அவ்வாறு கருதப்பட்ட கூட்டத்தினருள் ஒருவரே, மாட்டின் அச்சத்தைக் காணும் வகையை ஒரு பெருந்தொழிலுக்குக் கற்பித்தார். இம்முரணை வியப்புக்குரிய செய்தியாகக் கூறி அமைதல் எளிது. ஆயின் கிராண்டினின் செல்வாக்கு வியப்பினால் விளைந்ததன்று. விலங்கின் நிலையில் நின்று நுணுக்கங்களைக் காணுதல், கண்டதனை எவரும் சரிபார்க்கத்தக்க எண்ணாக மாற்றுதல் என்னும் இரு செயல்களின் மீதே அது கட்டியெழுப்பப்பட்டது. இவ்விரண்டும் எவ்வாறு நிகழ்ந்தன என்பதையும், அவற்றின் எல்லைகள் யாவை என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொழில்மயமான கொல்களம்

வேளாண்மைச் சமூகங்களில் விலங்கினை வளர்த்தவனும் அதனைக் கொன்றவனும் உண்டவனும் பெரும்பாலும் ஓரூரவராகவே இருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் புகையிரதப் பாதைகளும் குளிரூட்டப்பட்ட வண்டிகளும் இத்தொடர்பினை அறுத்தன. 1865இற் சிக்காகோ நகரில் திறக்கப்பட்ட ‘யூனியன் ஸ்ரொக் யாட்ஸ்’ என்னும் கால்நடைச் சந்தைத் தொகுதி, 1971இல் மூடப்படும்வரை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அமெரிக்க இறைச்சித் தொழிலின் குறியீடாக விளங்கிற்று. அதனைச் சூழ எழுந்த கொல்களங்களில் உழைப்புப் பிரிவினை உச்சநிலையை எய்தியது. மேலே பொருத்திய இருப்புப்பாதையில் விலங்கின் உடல் தொங்கியவாறு நகர, தொழிலாளர் ஒவ்வொருவரும் ஒரேயொரு வெட்டினை நாள்முழுதும் செய்தனர். மோட்டார் வண்டித் தொழிலதிபர் ஹென்றி போர்ட், தமது தொடர்வரிசை உற்பத்தி முறைக்குத் தூண்டுதலளித்தவை சிக்காகோவின் இக்கொல்களங்களே எனப் பின்னாளில் எழுதியமை மனங்கொள்ளத்தக்கது. நவீன கைத்தொழிலின் கருவறைகளுள் ஒன்று கொல்களமே எனலாம்.

1906இல் வெளிவந்த அப்ரன் சிங்கிளெயரின் ‘த ஜங்கிள்’ என்னும் நாவல் இத்தொழிலின் அவலங்களை அம்பலப்படுத்திற்று. தொழிலாளரின் துயரை உணர்த்துவதே ஆசிரியரின் நோக்கம். ஆயின் வாசகரை அதிர்ச்சியுறச் செய்தது தாம் உண்ணும் இறைச்சியின் அசுத்தமே. அவ்வாண்டே நிறைவேறிய இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் நுகர்வோரின் உடல்நலத்தைக் காத்தது. தொழிலாளரையும் விலங்கினையும் அது பெரிதும் கருத்திற் கொள்ளவில்லை. விலங்கு வதையுறுதல் பற்றிய சட்டம் வர மேலும் அரை நூற்றாண்டு சென்றது. 1958இல் இயற்றப்பட்ட மனிதாபிமானக் கொலைமுறைச் சட்டம், மாடு, பன்றி, ஆடு முதலியவற்றைக் கழுத்தறுக்குமுன் உணர்விழக்கச் செய்தல் வேண்டும் என விதித்தது. எனினும் அரசுக்கு இறைச்சி விற்கும் நிறுவனங்களையே அது முதலிற் கட்டுப்படுத்திற்று. 1978ஆம் ஆண்டுத் திருத்தமே கூட்டரசுப் பரிசோதனைக்குட்பட்ட எல்லாக் கொல்களங்களுக்கும் அதனை விரித்து, விதி மீறப்படுமிடத்து வேலையை நிறுத்தும் அதிகாரத்தைப் பரிசோதகருக்கு அளித்தது.

இதே காலப்பகுதியிற் பிரித்தானியாவிலும் புதிய சிந்தனைகள் தோன்றின. ரூத் ஹரிசன் 1964இல் வெளியிட்ட ‘அனிமல் மெஷின்ஸ்’ என்னும் நூல் தொழிற்சாலை முறையிலான பண்ணைகளை மக்கள் பார்வைக்குக் கொணர்ந்தது. அதன் விளைவாக அமைக்கப்பட்ட பிறாம்பெல் குழு, விலங்கு திரும்பவும் படுக்கவும் எழவும் உடலைத் தூய்மை செய்யவும் கால்களை நீட்டவும் இடம்பெறல் வேண்டும் என 1965இல் அறிக்கையிட்டது. 1975இல் மெய்யியலாளர் பீற்றர் சிங்கரின் ‘அனிமல் லிபரேஷன்’ வெளிவந்தது. இவ்வாறு சட்டம், மெய்யியல் என்னும் இருவழிகளிலும் விலங்குகளின் துன்பம் பேசப்படலாயிற்று. ஆயின் இவ்விரு குரல்களும் கொல்களத்தின் மதிலுக்குப் புறத்தே எழுந்தவை. மதிலுக்குள்ளே, மின்கோலுடன் நிற்கும் தொழிலாளியும், நகர மறுத்து நிற்கும் மாடும், அதனை அச்சுறுத்தும் ஏதோவொன்றும் முன்போலவே இருந்தன. அவ்விடைவெளியிலேயே கிராண்டினின் பணி தொடங்கிற்று.

ஓட்டிசமும் ஒரு சிறுமியும்

கிராண்டினின் பணியை விளங்கிக்கொள்ள ஓட்டிசம் பற்றிய கருத்துகளின் வரலாற்றையும் சிறிது நோக்குதல் அவசியம். 1943இல் லியோ கனர் என்னும் உளமருத்துவர் 11 சிறுவரை ஆராய்ந்து எழுதிய கட்டுரையே இந்நிலையைத் தனியானதொன்றாக மருத்துவ உலகுக்கு அறிமுகஞ் செய்தது. அடுத்த ஆண்டில் வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பேர்ஜர் இதனையொத்த சிறுவரைப் பற்றி எழுதினார். ஆனால், இதற்கான காரணம் பற்றிய விளக்கம் விரைவில் வழிதவறிற்று. தாயின் அன்பின்மையே குழந்தையைத் தன்னுள் ஒடுங்கச் செய்கின்றது என்னும் கொள்கை பரவியது. புறூனோ பெற்றல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூல் அதற்குப் பெருஞ்செல்வாக்கை ஈட்டிக்கொடுத்தது. இது நரம்பியல் சார்ந்த நிலை என 1964இலேயே பேர்னாட் றிம்லண்ட் வாதித்திருந்தபோதும், அக்கருத்து ஏற்றுக்கொள்ளப்படக் காலஞ் சென்றது. இடைப்பட்ட காலத்திற் குழந்தைகள் பலர் விடுதிகளில் அடைக்கப்பட்டனர். தாய்மார் பலர் தம்மையே பழித்து வாழ்ந்தனர்.

கிராண்டின் 1947 ஓகஸ்ற் 29இல் பொஸ்ரன் நகரிற் பிறந்தார். மூன்றரை வயதுவரை அவருக்குப் பேச்சு வரவில்லை. தொட்டாற் சுருங்கினார், ஒலிகள் அவரை வருத்தின. விடுதியொன்றிற் சேர்ப்பதே தக்கது என்ற கருத்தைத் தாயார் ஏற்க மறுத்து, பேச்சுப் பயிற்சிக்கும் இடையறாத கவனிப்புக்கும் ஒழுங்கு செய்தார். பின்னர் நியூ ஹாம்ஷயர் மாநிலத்து விடுதிப் பாடசாலையொன்றிற் பயின்ற காலத்தில், விடுமுறையொன்றிற்கு அரிசோனாவிலிருந்த தமது உறவினர் ஒருவரின் கால்நடைப் பண்ணைக்குச் சென்றார். அவருடைய வாழ்வின் திருப்புமுனை அங்கேதான் நேர்ந்தது.

தடுப்பூசி ஏற்றும்போது மாட்டினை அசையாது நிறுத்துவதற்கு, அதன் இருபுறமும் பலகைகள் வந்து அழுத்தும் சட்டகமொன்று அப்பண்ணையில் இருந்தது. வெருண்டு திமிறிய மாடுகளுட் சில, உடலின் இருபுறமும் அழுத்தம் ஏற்பட்டவுடன் அமைதியடைந்தமையை அவர் கவனித்தார். ஓயாத பதற்றத்தால் வருந்திக்கொண்டிருந்த அவர் தாமும் அச்சட்டகத்தினுட் புகுந்து பார்த்தார், பதற்றம் தணிந்தது. பாடசாலைக்கு மீண்டபின் தமக்கென மரத்தால் அத்தகைய பொறியொன்றை அமைத்துக்கொண்டார். உளவியலாளர் அதனை ஒரு நோய்க்குறியாகக் கண்டனர். அறிவியல் ஆசிரியர் ஒருவரோ, அழுத்தம் ஏன் அமைதி தருகின்றது என்பதை ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துக் கண்டறியுமாறு அவரை ஊக்கினார். பிறர் பித்து என்று ஒதுக்கியதனை ஆய்வுப் பொருளாக மாற்றிய அவ்வாசிரியரின் செயல், கல்வி வரலாற்றில் நினைவுகூரத்தக்கது. ஆழ்ந்த அழுத்தத்தின் அமைதிப்படுத்தும் இயல்பு குறித்து 1992இற் கிராண்டின் ஆய்வுக் கட்டுரையொன்றை வெளியிட்டார்.

1970இல் உளவியலில் இளமாணிப் பட்டமும், 1975இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் விலங்கு விஞ்ஞானத்தில் முதுமாணிப் பட்டமும், 1989இல் இலினோய் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டமும் அவர் பெற்றார். 1990 முதற் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்திற் கற்பித்துவந்தார்.

மாட்டின் கண்மட்டம்

1970களின் தொடக்கத்தில் அரிசோனாவின் கொழுக்கவைக்கும் பட்டிகளுக்குள் கிராண்டின் நுழைந்தபோது, அவை ஆடவரின் உலகமாகவே இருந்தன. பெண்கள் அலுவலகத்தில் எழுத்து வேலை செய்யலாம். பட்டிக்குள் வருதல் வழக்கமன்று. அவரைத் தடுத்தோரும் இழிவுபடுத்தியோரும் இருந்தனர். வேளாண்மைச் சஞ்சிகையொன்றில் எழுதுவதற்கு வாய்ப்புக் கிடைத்தபோது, அதன் செய்தியாளர் அட்டையே அவருக்குப் பல வாயில்களைத் திறந்துவிட்டது.

மாடுகள் ஒடுங்கிய பாதையில் நகர மறுக்கும்போது தொழிலாளர் கத்தினர், அடித்தனர், மின்கோலினாற் குத்தினர். மாட்டின் பிடிவாதமே தடைக்குக் காரணம் என்பது அவர்களுடைய துணிபு. கிராண்டின் அப்பாதையினுள் தாமே இறங்கி, மாட்டின் கண்மட்டத்துக்குக் குனிந்து, அங்கிருந்து புகைப்படங்கள் எடுத்தார். தொழிலாளர் நகைத்தனர். ஆயின் மேலிருந்து நோக்கியோருக்குத் தெரியாத பல அங்கே தெரிந்தன. வேலியிற் போடப்பட்ட ஒரு மேற்சட்டை, தொங்கியாடும் சங்கிலி, நீர்த்தேக்கத்திற் பளிச்சிடும் ஒளி, தரையின் குறுக்கே விழுந்த நிழற்கோடு, வடிகாலின் இரும்புக் கிராதி, உலோகம் மோதும் ஓசை, காற்று சீறும் ஒலி, வெளிச்சத்திலிருந்து திடீரென இருளுக்குட் புகும் வாயில். இவற்றுள் ஒன்றே மாட்டினை நிறுத்தப் போதுமானது. அதனை அகற்றினால் மாடு தானே நடந்தது.

இதற்கான உடலியற் காரணங்கள் தெளிவானவை. மாட்டின் கண்கள் தலையின் இருபுறத்தும் அமைந்தவை. ஆதலாற் பின்புறத்துச் சிறுபகுதி நீங்கலாகச் சுற்றிலும் அதற்குத் தெரியும். ஆனால், ஆழத்தைச் சரியாக அளவிடுவதற்கு அது நின்று தலையைத் தாழ்த்த வேண்டும். ஒளிக்கும் இருளுக்குமிடையிலான கூர்மையான வேறுபாடு அதற்குப் பள்ளமாகத் தோற்றும். மனிதருக்குக் கேளாத உயர்சுரங்களும் அதற்குக் கேட்கும். பிற விலங்குகளுக்கு இரையாகும் இனமாதலின், சூழலில் நேரும் சிறு மாற்றமும் அதற்கு இடரின் அறிகுறியாகின்றது.

மந்தையை நடத்தும் முறையையும் கிராண்டின் விளக்கினார். காட்டுவிலங்கு மனிதனை எத்துணை அண்மையில் வரவிடும் என்பதனைச் சுவிற்சர்லாந்து விலங்கியலாளர் ஹைனி ஹெடிகர் முன்னரே ஆராய்ந்திருந்தார். கால்நடைக்கும் அத்தகைய வெருட்சி எல்லை உண்டு. அவ்வெல்லையின் ஓரத்தில் நிற்பவன் மாட்டினை நகர்த்தலாம். எல்லையை ஊடுருவிப் புகுந்தால் அது வெருண்டு பாயும். மாட்டின் தோளே சமநிலைப் புள்ளி. அதன் பின்னே நிற்பவனைக் கண்டால் மாடு முன்செல்லும். முன்னே நிற்பவனைக் கண்டாற் பின்வாங்கும். தேர்ந்த மேய்ப்பர் தம் அனுபவத்தால் இதனை அறிந்திருந்தனர். அவ்வறிவை வரைபடமாக்கி, எந்தத் தொழிலாளிக்கும் கற்பிக்கத்தக்கதாக்கியமையே கிராண்டினின் பங்களிப்பு.

தமது சிந்தனை சொற்களால் அன்றிப் படங்களாலேயே நிகழ்கின்றது எனவும், புலன்களின் மிகையுணர்ச்சியாற் சிறு ஒலியும் சிறு அசைவும் தம்மைத் தாக்கியமையே விலங்கின் நிலையை உணர வழிவகுத்தது எனவும் அவர் பலகாலும் எழுதியுள்ளார். மருத்துவம் குறையென்று பட்டியலிட்ட அதே கூருணர்வு இங்கே ஆய்வுக் கருவியாயிற்று.

வடிவமைப்பும் அதன் படிப்பினையும்

கண்டதனைக் கிராண்டின் கட்டடமாக்கினார். நேரான பாதைக்குப் பதிலாக அவர் அமைத்த வளைந்த பாதைகள் புகழ்பெற்றவை. வளைவான பாதைகள் அதற்கு முன்னரும் சிற்சில இடங்களில் இருந்தன. ஆயின் அவற்றின் பயனை நடத்தை அடிப்படையில் விளக்கி, ஆரங்களையும் கோணங்களையும் ஒழுங்குபடுத்தியவர் அவரே. வளைவிற் செல்லும் மாடு தான் புறப்பட்ட இடத்துக்கே மீள்வதாக உணர்கின்றது. பாதையின் முடிவில் நிற்கும் மனிதரையும் பொறியையும் அது முன்கூட்டிக் காண்பதில்லை. இடைவெளியற்ற பக்கச்சுவர்கள் வெளியேயுள்ள அசைவுகளை மறைக்கின்றன. வழுக்காத தரை காலூன்ற உதவுகின்றது. வழுக்குதல் மாட்டிடத்துப் பேரச்சத்தை விளைக்கும் என்பதை அவர் இடைவிடாது வலியுறுத்தினார்.

1970களின் இறுதியில் நிகழ்ந்ததாக அவர் எழுதியுள்ள நிகழ்ச்சியொன்று இவ்விடத்துக் கருதற்குரியது. தோற்பூச்சிகளை ஒழிப்பதற்காக மாடுகளை மருந்து கலந்த நீர்த்தொட்டியில் மூழ்கச் செய்வது வழக்கம். வழுக்குச் சரிவொன்றின் வழியே மாடுகள் தொட்டியுள் தள்ளப்பட்டன. அச்சத்தாற் பின்னோக்கிப் புரண்டு சில மூழ்கியும் இறந்தன. கிராண்டின் அமைத்த தொட்டியில், காலூன்றத்தக்க சொரசொரப்பான சரிவில் மாடு தானே நடந்து நீருட் புகும். சரிவு முடியும் இடம் நீரின் கீழ் மறைந்திருக்கும். ஆனால், மாடு தன் விருப்பில் நீருள் இறங்கும் என்பதைப் பட்டியின் தொழிலாளர் நம்பவில்லை. அவர்கள் சரிவின்மேல் உலோகத் தகடொன்றைப் பொருத்தினர். முதல்நாளே இரு மாடுகள் வழுக்கிப் புரண்டு மூழ்கி இறந்தன. தகட்டை அகற்றியபின் மாடுகள் அமைதியாக இறங்கிச் சென்றன. சிறந்த அமைப்பும் அதனைக் கையாள்வோரின் நம்பிக்கையை வெல்லாவிடிற் பயனற்றது என்னும் படிப்பினையை அவர் அன்றே பெற்றிருத்தல் கூடும். அதனை முழுதாக ஏற்க அவருக்கு மேலும் பல்லாண்டு வேண்டியிருந்தது.

அவருடைய வடிவமைப்புகளுள் மிகப்பரந்த பயன்பாட்டை அடைந்தது, விலங்கினை வயிற்றுக்கும் மார்புக்கும் கீழாகத் தாங்கி ஏந்திச்செல்லும் நகரும் தாங்கியாகும். சமயநெறிப்படி அறுக்கும் சில கொல்களங்களில், உணர்விழக்காத விலங்கினை ஒற்றைக்காலிற் சங்கிலியிட்டுத் தூக்கும் கொடிய வழக்கம் நிலவியது. அதற்கு மாற்றாக 1970களிற் கனெற்றிக்கற் பல்கலைக்கழக ஆய்வாளர் இத்தாங்கியின் அடிப்படையைக் கண்டறிந்தனர். 1980களின் நடுப்பகுதியிற் கிராண்டின் அதனைக் கொல்களத்தில் நாள்தோறும் பயன்படுத்தத்தக்கதாக்கினார். விலங்கு பள்ளத்தைக் கண்டு அஞ்சாதிருக்கப் பொய்த்தரை அமைத்தார். கால்கள் இருபுறமும் பிரிந்து அமர வழிசெய்தார். முழுமையாக ஏந்தப்படுமுன் வெளியே காணாதவாறு மறைப்பிட்டார். காலப்போக்கில் வட அமெரிக்காவின் மாடுகளில் ஏறத்தாழ அரைப்பங்கு இம்முறையிற் கையாளப்படும் நிலை ஏற்பட்டது.

தொழிலதிபர் இவற்றை ஏற்றமைக்கு இரக்கம் மாத்திரம் காரணமன்று. வெருண்டு மோதும் மாட்டின் உடலிற் கன்றிய இறைச்சி வெட்டி எறியப்படும். கொல்லுமுன் நெடுநேரம் அழுத்தத்துக்குள்ளாகிய மாட்டின் தசையிற் சேமித்த சர்க்கரைப்பொருள் தீர்ந்து, இறைச்சி கருமையடைந்து விலைகுன்றும். தொழிலாளர் காயமுறுதலும் மிகும். அச்சம் நட்டம் என்பதை உணர்ந்தபோதே முதலீடு வந்தது. இதனை மறைத்து எழுதுவது வரலாறாகாது.

குரலை எண்ணுதல்

நல்ல சாதனங்களை அமைத்துவிட்டால் எல்லாம் சீராகும் எனத் தாம் தொடக்கத்தில் நம்பியதாகவும், அது தவறென உணர்ந்ததாகவும் கிராண்டினே ஒப்புக்கொண்டுள்ளார். மேற்பார்வை தளர்ந்த இடத்திற் சிறந்த சாதனமும் வதைக்கருவியாயிற்று. இவ்வுணர்வே அவரை வடிவமைப்பிலிருந்து அளவீட்டை நோக்கி நகர்த்திற்று. அவருடைய செல்வாக்கின் இரண்டாவது கட்டம் இதுவாகும். வரலாற்று நோக்கில் இதுவே பெரிது.

1996இல் அமெரிக்க வேளாண்மைத் திணைக்களத்துக்காக அவர் 10 மாநிலங்களில் 24 கொல்களங்களை ஆய்வு செய்தார். மாட்டின் நெற்றியில் உலோகக் கோலைப் பாய்ச்சும் துப்பாக்கியால், 100க்கு 95 மாடுகளையேனும் முதல் அடியிலேயே உணர்விழக்கச் செய்யும் தகுதி, மாட்டிறைச்சிக் கொல்களங்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினுக்கே இருந்தது. சட்டம் வந்து 38 ஆண்டுகள் சென்றபின் கண்ட நிலை இதுவாகும். தோல்விக்கு முதன்மையான காரணம், துப்பாக்கிகள் துப்புரவாக்கிப் பேணப்படாமை என்னும் மிகச் சாதாரணமான ஒன்றாக இருந்தமை சிந்திக்கத்தக்கது.

சட்டத்தின் வலுவின்மை அதன் சொற்களில் இருந்தது என்பது கிராண்டினின் கணிப்பு. ‘தக்கவாறு’, ‘மிகையின்றி’ என்றாற்போன்ற சொற்களை ஒவ்வொருவரும் தத்தமக்கு ஏற்பப் பொருள்கொள்வர். ஆகவே, 1997இல் அமெரிக்க இறைச்சி நிறுவகத்தின் வழிகாட்டல்களுக்காக எண்ணால் அளக்கத்தக்க சில அளவுகோல்களை அவர் வகுத்தளித்தார். 100க்கு 95 மாடுகள் முதல் அடியில் உணர்விழத்தல் வேண்டும்.  விழும் விலங்கு 100க்கு 1க்கு மேற்படலாகாது. மின்கோல் படும் விலங்கு 25க்கு மேற்படலாகாது. கையாளும்போது கதறும் மாடு 3க்கு மேற்படலாகாது.

இறுதியாகக் கூறியது தனிக்கவனத்துக்குரியது. நூற்றாண்டுக் காலமாகக் கொல்களத்தில் மாட்டின் கதறல் வெறும் இரைச்சலாகவே கருதப்பட்டு வந்தது. கிராண்டின் அதனைச் சான்றாக்கினார். மாடு காரணமின்றிக் கதறுவதில்லை. வழுக்கியதோ, மின்கோல் பட்டதோ, சட்டகம் மிகையாக அழுத்தியதோ, துப்பாக்கி தவறியதோ இருத்தல் வேண்டும். 100 மாடுகளுள் எத்தனை கதறின என்று எண்ணுவதற்கு விலங்கின் உள்ளம் பற்றிய மெய்யியல் விவாதம் எதுவும் தேவையில்லை, செவி போதும். இவ்வாறு, பேசவியலாத உயிரின் குரல் முதன்முறையாகத் தொழிலின் கணக்கேட்டில் இடம்பெற்றது. மூன்றரை வயதுவரை பேச்சின்றிக் கதறலே மொழியாக இருந்த ஒருவர் இதனை வகுத்தார் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை.

ஆயினும் அளவுகோல் மாத்திரம் மாற்றத்தைக் கொணராது. அதனைத் திணிக்கும் ஆற்றலும் வேண்டும். அவ்வாற்றல் சந்தையிலிருந்து வந்தது. இலண்டனில் மக்டொனால்ட்ஸ் நிறுவனம் இரு செயற்பாட்டாளர்மீது தொடுத்த அவதூறு வழக்கில் 1997இற் தீர்ப்பு வழங்கப்பட்டது. வழக்கில் நிறுவனம் பெரும்பாலும் வென்றபோதும், சில விலங்குகள் கொடுமைக்குள்ளாவதற்கு அதுவும் பொறுப்பாளி என நீதிபதி கண்டமை அதன் மதிப்பைப் பாதித்தது. விலங்குரிமை இயக்கத்தினரின் அழுத்தமும் உடன்சேர்ந்தது. 1999இல், கிராண்டினின் அளவுகோல்களைக் கொண்டு தனக்கு இறைச்சி வழங்கும் கொல்களங்களைக் கணக்காய்வு செய்ய அந்நிறுவனம் முற்பட்டது. வேறு பெரும் உணவு நிறுவனங்களும் தொடர்ந்தன. தேறாதவர் வாடிக்கையை இழப்பர் என்பது விதி. அவ்வாண்டிற் கணக்காய்வுக்குட்பட்ட 41 மாட்டிறைச்சிக் கொல்களங்களுள், பத்தில் ஒன்பது பங்கு 95 என்னும் எல்லையை எட்டின. பெரும்பாலானவற்றிற்குப் புதிய சாதனங்கள் தேவைப்படவில்லை. துப்பாக்கியைப் பேணுதல், விளக்கொன்றை இடம்மாற்றுதல், தரையைச் சொரசொரப்பாக்குதல், தொழிலாளரைப் பயிற்றுதல் என்பனவே போதுமாயிருந்தன. 38 ஆண்டுச் சட்டம் சாதியாததை மூன்று ஆண்டில் வாங்குவோனின் கட்டளை சாதித்தது.

விமரிசனங்களும் எல்லைகளும்

கிராண்டினின் பணி கடும் விமரிசனத்துக்கும் உள்ளாகியது. கொலையை அமைதியாக்குதல் கொலையை ஏற்புடையதாக்குதலே என்பது விலங்குரிமை நோக்கினரின் வாதம். அச்சமின்றி இறக்கும் மாடும் இறக்கவே செய்கின்றது. நுகர்வோனின் மனச்சாட்சியே உண்மையில் ஆறுதல் பெறுகின்றது என அவர்கள் கூறுவர். கிராண்டினின் நிலைப்பாடு வேறானது. மனிதன் உணவுக்காகவே இவ்விலங்குகளைப் பிறப்பித்துள்ளான். ஆகவே அவற்றுக்கு நல்வாழ்வும் வதையற்ற சாவும் அளித்தல் அவன் கடன் என்பது அவரது கருத்து. இவ்விரு நிலைப்பாடுகளும் ஒன்றையொன்று முற்றாக வெல்லவியலாதன. ஆயின், ஒழிப்பு எப்போதோ வருமாயினும் வராதாயினும், இன்று பாதையில் நிற்கும் மாட்டுக்கு விடையளிக்க வேண்டியவர் யார் என்னும் வினாவைக் கிராண்டினின் பணி எழுப்பாமலில்லை.

வேறு எல்லைகளும் உண்டு. மின்கோல் 100க்கு 25 வரை படலாம் என்னும் எல்லை, நடைமுறையோடு செய்துகொண்ட உடன்பாடே. இறப்பின் சில நிமிடங்களைச் சீராக்கிய இம்முறை வாழ்வின் மாதங்களை அதே அளவுக்குத் தொடவில்லை. பறவைகளின் நிலை இன்னும் மோசமானது. ஆண்டுதோறும் ஐக்கிய அமெரிக்காவிற் கொல்லப்படும் 900 கோடிக்கு மேற்பட்ட கோழிகளை 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு அடைவதில்லை. சினைப்பன்றிகள் திரும்பவும் இடமற்ற கூடுகளில் அடைக்கப்படுதலைக் கிராண்டின் வெளிப்படையாக எதிர்த்தபோதும், அதனை மாற்றிய முதன்மை விசை மக்கள் வாக்கெடுப்பாகவே இருந்தது. 2002இற் புளோரிடாவும், 2008இலும் 2018இலும் கலிபோர்னியாவும் வாக்கெடுப்பின் மூலம் சட்டமியற்றின. 2018ஆம் ஆண்டுச் சட்டத்தை உயர் நீதிமன்றம் 2023இல் நிலைநிறுத்தியது. நிபுணரின் அறிவும் வாங்குவோனின் கட்டளையும் செல்லாத இடங்களுக்குக் குடிமக்களின் விருப்பே செல்ல வேண்டியிருந்தது என்பதை இவை காட்டுகின்றன.

ஓட்டிசத்துக்கும் விலங்கின் மனத்துக்குமிடையே அவர் கண்ட ஒப்புமையும் விவாதத்துக்குரியது. 2005இல் வெளிவந்த ‘அனிமல்ஸ் இன் ரான்ஸ்லேஷன்’ என்னும் நூலில் அவர் விரித்துரைத்த இவ்வொப்புமையை, 2008இல் ஜோர்ஜியோ வலோர்ற்றிகாரா முதலிய விலங்கு நடத்தை ஆய்வாளர் மறுத்து எழுதினர். ஓட்டிசம் உடையோர் அனைவரும் படங்களாற் சிந்திப்பதில்லை என்பதைக் கிராண்டினே பின்னர் ஏற்று, படங்களாலும் வடிவொழுங்குகளாலும் சொற்களாலும் சிந்திப்போர் எனப் பலவகையினரைப் பிரித்துக் காட்டினார். 1986இல் வெளிவந்த அவரது தன்வரலாறும், 1993இல் நரம்பியலாளர் ஒலிவர் சாக்ஸ் எழுதிய கட்டுரையும், 2010இல் வெளிவந்த திரைப்படமும் அவரை உலகறியச் செய்தன. ஆயின் ஒருவரின் புகழ் பலரின் வேறுபாடுகளை மறைத்துவிடவும் கூடும். சாதனை படைத்தமையால் மாத்திரமே ஓட்டிசம் உடைய ஒருவர் மதிக்கத்தக்கவர் என்று கொள்வது, விடுதிகளில் அடைத்த பழைய எண்ணத்தின் மறுபக்கமேயாகும்.

முடிவுரை

பண்ணை விலங்கு நலன் பற்றிய வரலாற்றிற் கிராண்டின் முதல்வரும் அல்லர், தனியரும் அல்லர். அவருக்கு முன்னே ஹரிசனும் சிங்கரும் சட்டமியற்றியோரும் இருந்தனர். அவரோடு கனெற்றிக்கற் ஆய்வாளரும் பெயரறியாத மேய்ப்பரும் செயற்பாட்டாளரும் இருந்தனர். அவருடைய தனித்தன்மை, பெருங்கொள்கைகளுக்கும் சிறு நுணுக்கங்களுக்கும் இடையே வெறுமையாகக் கிடந்த இடத்தில் நின்று பணியாற்றியமையிலேயே உள்ளது. இரக்கம் கொள்க என அவர் தொழிலாளரிடம் வேண்டவில்லை. குனிந்து பார்க்குமாறும் எண்ணிப் பார்க்குமாறுமே வேண்டினார். அவ்விரண்டையும் செய்தவர்கள், வேலியிற் கிடந்த மேற்சட்டையைத் தாமே எடுத்து அகற்றினர்.

கொல்லுதல் அறமா என்னும் வினாவை அவருடைய பணி தீர்த்துவைக்கவில்லை. தீர்த்துவைத்ததாக அவர் உரிமை கொண்டாடவுமில்லை. ஆனால், உணர்வு யாருக்கு உண்டு, யாருடைய உணர்வு சான்றாகும் என்பனபற்றி இருபதாம் நூற்றாண்டு கொண்டிருந்த இரு தவறான துணிபுகளை அது ஒருங்கே அசைத்தது. ஓட்டிசம் உடைய குழந்தையிடத்து உணர்வில்லை என்று மருத்துவம் கூறிற்று. கதறும் மாட்டிடத்துப் பொருளில்லை என்று தொழில் கூறிற்று. இரண்டினையும் கேட்கும் பழக்கம் இல்லாமையே அத்துணிபுகளுக்குக் காரணமாயிருந்தது என்பதை இவ்வரலாறு புலப்படுத்துகின்றது.